குண்டூசி அக்கா செய்த அரைகுறை வேலை

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் ஆவணக் காப்பகத்தில் பட்டியல் எழுதுகிறவன். எந்தப் பெட்டியில் எந்தக் காகிதம், எத்தனை தாள், என்ன நிலைமை என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷம் எனக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்திருந்தவர் குண்டூசி அக்கா. கிழிந்த தாளை ஒட்டுவது, பூஞ்சையைத் துடைப்பது, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவது அவர் பிழைப்பு. அவர் எனக்கு வைத்த பெயர் 'பட்டியலு'. நான் அவருக்கு வைத்த பெயர் மேலதிகாரி வரைக்கும் பரவிவிட்டது.

எங்கள் அறை தரைத்தளத்தில் பின்பக்கம் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். மின்விசிறி உண்டு, போடக் கூடாது. போட்டால் காகிதம் பறக்கும். கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை தாளில் விழுவதற்குள் துடைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். இப்படி ஒரு அறையைக் கட்டியவனை நான் பல முறை வாயாரத் திட்டியிருக்கிறேன். அக்கா திட்டமாட்டார். திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவருடைய வீட்டுக்காரர் பேருந்து பணிமனையில் மெக்கானிக். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் செருப்பு வாரைப் போடக் குனிந்தார், நிமிரவில்லை. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா ஐந்து மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்து, மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருவார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, 'உடம்பைப் பார்த்துக்கம்மா' என்பான். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று நிமிஷம் ஆகும். அக்கா நாற்காலியில் உட்காரும்போது வயிற்றிலிருந்து 'ம்ஹும்' என்று ஒரு சத்தம் வரும். அவர் புகார் சொன்னது அவ்வளவுதான்.

இனி அந்தக் காகிதங்கள். போன நூற்றாண்டின் நடுவில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதிக் குவித்த ஒருவர் இருந்தார். அவரும் போய், அவர் மனைவியும் போன பிறகு, வீட்டைக் காலி செய்த உறவுக்காரர்கள் பதினான்கு டிரங்குப் பெட்டிகளை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் கையெழுத்துப் பிரதிகள். நாடகம், திரைக்கதை, படப்பிடிப்பு நடக்கும்போதே அவசரமாக எழுதிய வசனம், எல்லாம் கலந்து கிடந்தது.

அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். எழுதியதை அடிக்கவே மாட்டார். ஒரு வரி பிடிக்கவில்லை என்றால், புதிய வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பழைய வரியின் மேல் குண்டூசியால் குத்தி வைப்பார். அதுவும் பிடிக்காவிட்டால் அதன் மேல் இன்னொன்று. சில பக்கங்களில் ஏழெட்டுச் சீட்டுகள், தூக்கிப் பிடித்தால் கோழியின் இறகு மாதிரி தொங்கும். அடித்த வரி நடிகன் கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துப் பேசித் தொலைப்பான் என்று ஏதோ ஒரு பத்திரிகைப் பேட்டியில் காரணம் சொல்லியிருக்கிறார். நடிகர்களைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவு.

குண்டூசி துருப்பிடிக்கும், துரு காகிதத்தைத் தின்னும். ஆகவே குண்டூசியை எடுத்தாக வேண்டும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எடுத்த சீட்டை என்ன செய்வது? எங்கள் அலுவலக விதியில், ஒரே அளவுத் தாள்களை ஒரே உறையில் வைக்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. எழுதிய மகராசன் குண்டூசி போட்ட தாளை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டான். அக்கா விதிப்படி செய்தார். பக்கங்கள் எல்லாம் பெட்டியில், சீட்டுகள் எல்லாம் உறையில். நானும் விதிப்படி எழுதினேன்: 'துண்டுச் சீட்டுகள், 412. இடம் தெரியவில்லை.' முந்தின நாள் வரை ஒவ்வொன்றுக்கும் இடம் தெரிந்துதான் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் அழித்தோம்.

முதல் மூன்று பெட்டிகளில் அக்கா செய்த வேலையைப் பார்த்தால் கண் பட்டுவிடும். குண்டூசியை எடுத்ததோடு விடவில்லை. துருக் கறையைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்து, ஊசித் துளையைக் காகிதக் கூழால் அடைத்து, எலும்புத் தகட்டால் தேய்த்து, அங்கே ஊசி இருந்ததே தெரியாமல் செய்துவிட்டார். நான்காவது பெட்டியைத் திறந்த வாரம்தான் வீட்டுக்காரர் விழுந்தார். அதிலிருந்து கடைசி வரை பதினொரு பெட்டிகளிலும் குண்டூசியை எடுத்து, கிழிசலை ஒட்டியதோடு விட்டார். கறை கறையாக இருந்தது, துளை துளையாக இருந்தது. 'அரைகுறை வேலை' என்று மேலதிகாரி குறிப்பாணை அனுப்பினார். அக்கா படித்தார், மடித்தார், மேஜை இழுப்பறையில் போட்டார். "உண்மைதானேப்பா" என்றார் என்னிடம். எனக்குத்தான் மேலே ஏறிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. நான் பேச்சில் வீரன், படியேறுவதில் இல்லை.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் கழித்து, அக்கா ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு அம்மாள் எங்கள் அறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். நல்ல உயரம், கையில் ஒரு துணிப்பை, மூச்சு வாங்கியது. எழுத்தாளருடைய மகள் என்றார்.

"பெட்டியெல்லாம் இங்கதான் இருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சது. அப்பாவோட கடைசி நாடகத்தைப் பார்க்கணும். ஒரே ஒரு பக்கம் பார்த்தா போதும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்து சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். இருபது வயதில், அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போயிருக்கிறார். அடுத்த வருஷமே அப்பா அந்த நாடகத்தை மேடையேற்றினார். அதன் கடைசிக் காட்சியில் ஓடிப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அப்பா கதவைத் திறந்து, "நீ யார்? இந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். திரை. மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்.

"கைதட்டினாங்க" என்றார். "எழுந்து நின்னு கைதட்டினாங்கம்மா. பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே தட்டினாங்க. அதுக்கப்புறம் நான் எங்க வீட்டு வாசலை மிதிக்கலை."

இரண்டு வருஷம் கழித்து அவருடைய அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்பா அந்த இடத்தை மாற்றிவிட்டார், கிளம்பி வா என்று ஒரே வரி. நாடகத்தை அதற்குப் பிறகு யாரும் போடவில்லை. மாற்றினாரா என்று மேடையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

"அம்மா எப்பவுமே சண்டையைத் தீர்த்து வைக்கப் பொய் சொல்றவங்க. இதுவும் அப்படித்தான்னு விட்டுட்டேன். இப்ப கேக்கறதுக்கு யாரும் இல்லை. அவங்க சொன்னது பொய்யா நிஜமான்னு மட்டும் தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேண்டாம்."

பெட்டியை எடுத்து வந்தேன். எண்பத்தாறாம் பக்கத்தில் அந்தக் கடைசிக் காட்சி. பழைய வரிகள் அப்படியே இருந்தன, ஒரு எழுத்து மாறவில்லை. அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அக்காதான் குனிந்து பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இதுல சீட்டு இருந்துருக்கும்மா. ஊசி குத்துன துளை இருக்கு பாருங்க."

"சீட்டு எங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "நான் எடுத்துட்டேன்" என்றார் அக்கா. "எடுத்து மத்த சீட்டோட சேர்த்து வச்சுட்டேன். எனக்குப் பத்து நாள் குடுங்க. கண்டுபிடிச்சுடறேன்."

அந்த அம்மாள் போன பிறகு மேலதிகாரி இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "சீட்டு கிடைக்கலைன்னு ஒரு கடிதம் அடிச்சுடுங்க. ஓய்வு பெறப் போற நேரத்துல எதுக்கும்மா இந்த வேலை?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா "சரிங்க சார்" என்றார். சொல்லிவிட்டு உறையைப் பிரித்து நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பினார்.

எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. சீட்டில் இருப்பது வெறும் வசனம். 'உள்ளே வா' என்று ஒரு சீட்டு, 'பசிக்கிறது' என்று ஒரு சீட்டு. எந்த நாடகத்தின் எந்தப் பக்கத்திலும் பொருந்தும். அக்கா எழுத்தைப் படிக்கவே இல்லை. துருவைத்தான் பார்த்தார். ஊசி சீட்டிலும் பக்கத்திலும் ஒரே மாதிரி கறை விட்டிருக்கும். ஒன்றில் நீளக் கோடு, ஒன்றில் வாலுடன் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு துளைக்கு நடுவே ஒரு வளைவு. பக்கத்தில் இருக்கும் கறையும் சீட்டில் இருக்கும் கறையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப முதல் மூணு பெட்டி?" என்று கேட்டேன்.

"அது போச்சுப்பா. அதுல கறையும் இல்லை, துளையும் இல்லை. அவ்வளவு ஒழுங்கா செஞ்சேனே" என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய உடம்பு ஓடிய காலத்தில் செய்த வேலை பாழாய்ப் போனது. உடம்பும் மனசும் ஓய்ந்து, வீட்டு ஞாபகத்தோடு செய்த வேலைதான் இப்போது கை கொடுத்தது. இதை நினைத்து எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வந்தது. அக்கா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

ஒன்பது நாள். கழுத்து பிடித்துக்கொண்டது. இடது தோளில் மருந்தெண்ணெய் வாசனையோடு வந்தார். முன்னூற்று ஆறு சீட்டுகளுக்கு அந்தப் பதினொரு பெட்டிகளில் இடம் கிடைத்தது. மீதி நூற்று ஆறிலும் கறை இல்லை, துளைகள் அடைத்திருந்தன, எல்லாம் முதல் மூன்று பெட்டிகளில் வந்தவை. மறுபுறம், கறை இருந்து சீட்டுக் கிடைக்காத பக்கங்கள் பதினொன்று. எண்பத்தாறாம் பக்கம் அதில் ஒன்று.

பதினொரு பக்கத்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு மூடியிருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது, சுற்றிலும் தாள் பழுத்திருந்தது.

"பட்டியலு. இந்தப் பதினொண்ணும் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

"எங்கக்கா?"

"என் பசைக் கிண்ணத்துல."

பசை கெட்டியாக இருக்கிறதா, நீர்த்துவிட்டதா என்று பார்க்க, ஒட்டுகிறவர்களுக்குச் சோதனைத் தாள் வேண்டும். புதுத் தாள் உதவாது, அது பசையை வேறு மாதிரி குடிக்கும். ஒட்டப் போகிற காகிதத்தின் வயசிலேயே, அதே ரகத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாள் கடையில் கிடைக்குமா? எழுத்தே இல்லாத வெற்றுச் சீட்டுகள் சில அந்தக் கட்டுகளில் வந்தன. அக்கா அவற்றைத் தனியே வைத்து, ஒவ்வொன்றாகத் தூரிகையைத் துடைத்துப் பார்த்து, குப்பையில் போட்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பட்டியலிலும் வெற்றுத் தாளுக்கு இடம் கிடையாது.

"எழுத்து இருந்தா ஒரு துணுக்கைக்கூட நான் போட்டதில்லை. உனக்கே தெரியும். எழுதுன சீட்டு அத்தனையும் இங்க இருக்கு, எதுவும் பொருந்தலை. அப்ப அந்தப் பக்கத்துல இருந்தது வெத்துச் சீட்டுதான். அதைப் போய் அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது? உங்கப்பா ஒண்ணும் மாத்தலை, சும்மா ஒரு காகிதத்தைக் குத்தி வச்சிருந்தாரு, அதையும் நான் தொடைச்சுப் போட்டுட்டேன்னா?"

"கிடைக்கலைன்னு கடிதம் போட்டுடலாமேக்கா. அதிகாரியே சொல்லிட்டாரு."

சொன்ன வாயை நானே மூடிக்கொண்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "பொய்யா நிஜமான்னுதானே கேட்டாங்க" என்றார். "நான் இன்னொரு பொய் சொன்னா எப்படி?"

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். அதே துணிப்பை. அக்கா எழுந்து நின்றார். உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன், மறந்துவிட்டார்.

"அம்மா, அந்தச் சீட்டு இல்லை. நான் அழிச்சுட்டேன். அதுல ஒண்ணும் எழுதலை, வெறும் சீட்டு. எழுத்து இல்லையேன்னு பசை தொடைக்க எடுத்துக்கிட்டேன். தப்பு என் மேலதான். எழுதிக் கேட்டா எழுதிக் குடுக்கறேன்."

அதை எழுதியும் கொடுத்தார். பிறகு விசாரணை என்று ஒன்று நடந்தது. சல்லிக்காசு பெறாத விசாரணை, அதைப் பேச வேண்டாம்.

அந்த அம்மாள் பையை மேஜைமேல் வைத்தார். "வெறும் சீட்டா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுமா? எழுதுன சீட்டு இல்லையே?"

"இல்லைம்மா. எழுதுனது எல்லாத்தையும் பார்த்துட்டோம்."

"எவ்வளவு பெரிசு?"

அக்கா எண்பத்தாறாம் பக்கத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்து, வெளிறிய இடத்தின் ஓரத்தை விரல்படாமல் காட்டினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எழுதுகோல் பிடிப்பது போல விரல்களைச் சேர்த்துக்கொண்டு, வரி வரியாகக் காற்றில் தொட்டுக்கொண்டே வந்தார். அது பழகிய கை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"பன்னிரண்டு வயசுலேருந்து அப்பாவுக்கு நகல் எடுத்தது நான்தான்" என்றார். "நடிகருங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேச வேண்டியதை மட்டும் தனியா எழுதிக் குடுக்கணும். எழுதுன சீட்டு இருந்தா அதைப் பார்த்து எழுது. வெறும் சீட்டு இருந்தா, அடியில இருக்கறதை எழுதாம விட்டுடு, அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது, சும்மா நிக்கணும். அதான் கணக்கு. மறந்து போய் ஒரு தடவை அடியில இருந்ததையும் எழுதிட்டேன். அப்படி ஒரு அறை விழுந்துச்சு."

அவர் விரல் மறுபடி மேலிருந்து வந்தது. மகளின் 'அப்பா' என்ற ஒற்றைச் சொல்லும், 'கதவு திறக்கிறது' என்ற குறிப்பும் வெளிறிய இடத்துக்கு மேலே இருந்தன. 'நீ யார்' என்று தொடங்கும் வசனம் உள்ளே இருந்தது. 'கதவைச் சாத்துகிறார்' என்ற குறிப்பும் உள்ளே இருந்தது. அதற்குக் கீழே, வெளியே, 'திரை' என்ற சொல் மட்டும் பழுத்த தாளில் நின்றது.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"சாத்தலை" என்றார் அந்த அம்மாள். "பேசவும் இல்லை, சாத்தவும் இல்லை."

அக்கா, "நான் அதை வச்சிருந்திருக்கணும்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் விழுந்த வாரத்தில்கூட இல்லை.

அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்தார். சமாதானம் சொல்லத்தான் பிடித்தார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குத்தான் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

"அம்மா நிஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க. கடிதம் வந்து ஏழு வருஷம் அப்பா உயிரோட இருந்தாரு" என்றார். "எங்க தெருமுனையிலதான் பஸ் நிக்கும். அப்பா வீட்டுக்கு ஒரே பஸ்தாம்மா."